பிரேக்கக்காவின் பழைய இதயம்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி உண்டு. எதிரே லாரி வருவதைப் பார்த்து நாம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது, அவர் பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தாமலே அதை மிதித்துவிடுவார். அவருடைய வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். "ஒத்தைச் செருப்பு விக்கிற கடை தெரிஞ்சா சொல்லுங்க" என்று புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

நான் சேர்ந்த சமயம் அவர் எப்போதும் முகக்கவசம் போட்டிருந்தார். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருப்பார். ஒருநாள் வெயிலில் சிக்னலுக்குக் காத்திருந்தபோது, "புழுக்கமா இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி ஒரு தழும்பு நேராக இறங்கியது.

"உள்ள இருக்கிறது என்னுது இல்ல. யாரோ கொடுத்தது. என்னுதை ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு எப்போது பச்சையானதென்று தெரியவில்லை. அவரே மிதியிலிருந்து காலை எடுத்து, "போங்க போங்க, கதை எங்கயும் ஓடிராது" என்றார். அந்தக் கதையை அவர் பல பாடங்களில் விட்டு விட்டுச் சொன்னார். பிற்பாடு அவர் கணவரும் மகளும் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். பாதி வாழ்க்கையை முட்டி போட்டே கழித்த மனிதர். வாயைத் திறந்தால் கேலிதான். ஒரே மகள், கட்டட வரைபடம் படிக்கும் கல்லூரிப் பெண். அப்பாவின் வாயும் அம்மாவின் பிடிவாதமும் சேர்ந்து வாய்த்தவள்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போக ஆரம்பித்தது. முதலில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சமதரையில் நடந்தாலே வாங்கியது. கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையாது. கடைசியில் இதய டாக்டரிடம் போனபோது, இதயம் ஊதிப் பெரிதாகிவிட்டது, பாதி வேலைகூடச் செய்யவில்லை என்றார்கள். ஆஞ்சியோ செய்து பார்த்ததில் முன்பக்க ரத்தக்குழாய் குறுகியிருந்தது.

"எப்பவோ உங்களுக்கு ஒரு அட்டாக் வந்து போயிருக்கு" என்றார் டாக்டர்.

"எனக்கா? எப்ப?"

"சில பேருக்கு வந்ததே தெரியாதும்மா."

அந்த வயதில் ஒரு பெண்ணுக்குக் குழாய் அடைப்பா என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அப்புறம் அவரவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். பொரித்ததைத் தின்றது என்றாள் நாத்தனார். நாளெல்லாம் உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்றார் மைத்துனர். "தெருவுல போறவனையெல்லாம் திட்டிக்கிட்டே இருந்தா நெஞ்சு எப்படித் தாங்கும்?" என்றார் கணவர். அக்காவும் நம்பினார். எண்ணெயை அறவே விட்டார். உப்பைக் குறைத்தார். விருந்துக்குப் போன இடத்தில் வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். குறுக்கே புகும் இருசக்கர வண்டிக்காரனைப் பார்த்து, "பார்த்துப் போங்க தம்பி" என்று சொல்லப் பழகினார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்ததாம்.

ஒன்றும் பலிக்கவில்லை. இதயம் நாளுக்கு நாள் தளர்ந்தது. வேலையை விட்டார். தலையணையை அடுக்கி வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். மாற்று இதயம் கேட்டுப் பதிந்துவைத்துக் காத்திருந்து, ஒருநாள் காலையில் அழைப்பு வந்தது. போனார், மயங்கினார், விழித்தபோது நெஞ்சுக்குள் வேறொருவருடைய இதயம் அடித்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அறுவையைப் பற்றி அவரிடம் கேட்டால், "நான்தான் தூங்கிட்டேனே, எனக்கென்ன தெரியும்?" என்பார்.

உடம்பு தேறி, மறுபடி பயிற்சிக் காரில் ஏறிய பிறகுதான் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் போன் செய்தார். வெளியே எடுத்த இதயங்களை அறுத்துப் பார்ப்பதற்கு முன், மெல்லிய கேமரா குழாயை உள்ளே விட்டு, இதய அறைகளையும் ரத்தக்குழாய்களையும் உள்ளபடியே படம் பிடித்து ஆராய்கிறோம் என்றார். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் போலத்தான், ஆனால் அதைவிடப் பலமடங்கு மெல்லியது. உங்களுடைய இதயத்தையும் அப்படிப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டார்.

"என்னுதா? அது இன்னும் இருக்கா?" என்றார் அக்கா.

"பத்திரமா இருக்கும்மா. நீங்க வந்து பார்க்கணும்னாலும் பார்க்கலாம். சில பேர் வருவாங்க. நிறையப் பேர் வேண்டாம்பாங்க."

அக்கா போனைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தார். தன் இதயம் எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கிறது என்பது அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. எடுத்ததும் போயிற்று என்றுதான் நினைத்திருந்தார். பல் பிடுங்கினால் பல்லைத் திரும்பப் போய்ப் பார்க்கிறோமா?

"எதுக்கு அதைப் போய்ப் பார்த்துக்கிட்டு?" என்றார் கணவர். "விட்டுப்போன வீட்டை மறுபடி எட்டிப் பார்க்கிற மாதிரி."

"நான் வருவேன்" என்றாள் மகள். ஆகவே மூவரும் போனார்கள்.

ஆய்வுக்கூடம் அடித்தளத்தில் இருந்தது. எஃகு மேசை, கழுவுதொட்டி, சுவரில் பெரிய திரை, மூக்கைக் குத்தும் மருந்து வாடை. டாக்டர் குள்ளமான, கண்ணாடி போட்ட பெண்மணி. ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்து முடித்த பிறகே பேசுவார். அவரோடு கேமராவை இயக்கும் ஒருவர், பஞ்சு மாதிரிக் குரல். மூவருக்கும் கையுறையும் முகக்கவசமும் தந்தார்கள். கேமராக்காரர் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தார்.

அக்கா எதிர்பார்த்தது சிவப்பாக, கையடக்கமாக ஒன்றை. வெளியே வந்தது சாம்பலும் பழுப்புமாக, ரப்பர் போல விறைத்த, இரண்டு கைப்பிடி அளவுள்ள சதை. அதைத் தண்ணீரில் அலசி அவர் கையில் கொடுத்தார்கள். வாங்கிய கை கனத்தில் தாழ்ந்தது.

"இவ்வளவு பெருசா?"

"முடியாம முடியாம வேலை செஞ்சதுல பெருத்துப் போச்சும்மா" என்றார் டாக்டர்.

மகள் ஒரு அடி பின்வாங்கினாள். கணவர் ஒரு விஷயத்துக்குக் கேலி கண்டுபிடிக்க முடியாமல் நின்றதை அன்றுதான் முதலில் பார்த்ததாக அக்கா சொல்வார். அக்காவுக்குத் தலைக்குள் இரைச்சல் கேட்டது. ஆனால் நெஞ்சு மட்டும் எந்தப் பரபரப்பும் இல்லாமல் அதே தாளத்தில் அடித்தது. பயந்தால் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ள வேண்டாமா? அது சும்மா இருந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது. டாக்டரிடம் கேட்டார்.

"மாத்தி வச்ச இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்துபோச்சும்மா. பயம் வந்ததும் உடனே அதுக்குத் தெரியாது. ரத்தத்துல ஏறி வந்து சொல்லணும். கொஞ்சம் லேட்டாகும்."

சொன்னபடியே, இதயத்தைத் திரும்ப மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடித்த பிறகு, எல்லாம் அடங்கிய நேரத்தில், அது திடுதிடுவென்று ஓட ஆரம்பித்தது. கையில் தொட்டது ஒன்று, உள்ளே ஓடுவது ஒன்று. அக்கா இரண்டையும் மாறி மாறி நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கேமராக்காரர் குழாயை எடுத்தார். காதில் மாட்டும் ஒயர் அளவுதான் தடிமன். முனையில் கடுகளவு வெளிச்சம். முதலில் இதயத்தின் இடது கீழறைக்குள் விட்டார். திரையில் ஒரு குகை விரிந்தது. தூண்கள் போலத் தசைகள், அவற்றிலிருந்து வால்வுக்கு இழுத்துக் கட்டிய வெள்ளைக் கயிறுகள். மகள் தன்னை மறந்து முன்னால் வந்துவிட்டாள். "அம்மா, கட்டடம் மாதிரி இருக்கும்மா!"

கேமரா திரும்பியது. ஒரு பக்கச் சுவரில் தசையே இல்லை. மங்கிய வெள்ளையாக, வழுவழுப்பாக, காகிதம் போல ஒன்று மட்டும்.

"விளக்கை அணைங்க" என்றார் டாக்டர்.

அறை விளக்கை அணைத்ததும் எல்லோரும் திரையை விட்டு மேசையைப் பார்த்தார்கள். இதயத்துக்குள் இருந்த அந்தக் கடுகு வெளிச்சம், முன்பக்கச் சுவரைத் தாண்டி வெளியே தெரிந்தது. காகித விளக்கு எரிவது போல அந்த இடம் மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தது. அத்தனை மெலிசு.

"இதுதான் செத்துப்போன பகுதி" என்றார் டாக்டர். "ரொம்பப் பழைய தழும்பு. பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். சரியா எப்பன்னு இதைப் பார்த்துச் சொல்ல முடியாது."

"இந்தத் தோலை வச்சுக்கிட்டா நான் கார்ல சுத்திக்கிட்டிருந்தேன்?" என்றார் அக்கா.

விளக்கு வந்தது. இனி ரத்தக்குழாய்கள். வலது குழாயில் கேமரா போனது. டாக்டர் முதலிலேயே சொல்லிவைத்தார்: நோய்ப்பட்ட குழாய்க்குள் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டுகள் தெரியும், பார்த்து மனசு கஷ்டப்படாதீங்க என்று. ஆனால் திரையில் தந்தம் மாதிரி வெள்ளை வெளேரென்ற சுவர் போய்க்கொண்டே இருந்தது. ஒரு திட்டுகூட இல்லை. டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சுத்தமா இருக்கே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

பிறகு இடது பக்கம், ஆஞ்சியோவில் குறுகியதாகச் சொன்ன அந்த முன்பக்கக் குழாய். அங்கேயும் கொஞ்ச தூரம் அதே வெள்ளை. திடீரென்று கேமராக்காரரின் கை நின்றது.

"டாக்டர், இங்க ரெண்டு வழி இருக்கு."

குழாய் நடுவில் ஒரு மடிப்பு தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை. டாக்டர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பின்னால வாங்க. மறுபடி போங்க. இடது பக்கம். மெதுவா." ஒரு துளைக்குள் போன கேமரா சிறிது தூரத்தில் முட்டிக்கொண்டு நின்றது, அது போலி வழி. மற்றது நசுங்கி, கோடு போல இருந்தது. அதுதான் நிஜமான குழாய்.

டாக்டர் இரண்டு துளைகளையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு திரும்பி, "இது அடைப்பே இல்லம்மா. கிழிசல்" என்றார்.

"என்னது?"

"கோட்டுக்குள்ள உள்துணி தச்சிருப்பாங்க இல்லையா? அது கிழிஞ்சிருந்தா, கையை விடும்போது கை வெளிய வராம துணிக்கும் கோட்டுக்கும் நடுவுல போய் மாட்டிக்கும். அது மாதிரி. குழாயோட உள்படலம் கிழிஞ்சு, ரத்தம் ரெண்டு படலத்துக்கும் நடுவுல புகுந்து, நிஜமான வழியை நசுக்கிருச்சு. அதுக்குக் கீழ இருந்த தசைக்கு ரத்தம் போகல. கொழுப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ நான் தின்னது..."

"நீங்க தின்னது எதுவும் இதைச் செய்யல."

அக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. "ஏங்க, எத்தனை வருஷமா ருசின்னா என்னன்னு மறந்து தின்னுக்கிட்டு இருக்கேன்! அந்தக் குழாய்ல பாருங்க, ஒரு சொட்டுக் கொழுப்பு இல்ல! உங்க தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க!"

டாக்டர் அவர் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ரொம்ப நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "இந்த மாதிரிக் கிழிசல் யாருக்கு வேணும்னாலும் வரலாம்மா. ஆனா பிரசவத்தை ஒட்டி வர்றதை நாங்க அதிகம் பார்க்கிறோம். உங்களுக்குக் குழந்தை பிறந்த சமயத்துல நெஞ்சுல ஏதாவது வலி வந்துச்சா?"

"அது சும்மா கேஸ்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்த கணவர் பாதியில் நிறுத்தினார். நிறுத்திய வாய் திறந்தபடியே இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. மகள் பிறந்து வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு மத்தியானம், குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றும்போது அக்காவுக்கு நெஞ்சைப் பிசைந்துகொண்டு ஒரு வலி வந்தது. தாடை வரை ஏறியது. இடது கை மரத்தது. உடம்பெல்லாம் தண்ணீராக வியர்த்தது. குழந்தையைத் தரையில் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சுருண்டுவிட்டார். கணவர் அலறியடித்து ஆட்டோ பிடித்து, முக்குச் சந்தில் இருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பச்சை உடம்பு, தூக்கமில்லை, வேளைக்குச் சாப்பாடில்லை, வாயு பிடித்திருக்கிறது, ஒன்றுமில்லை என்றார். இளஞ்சிவப்பில் ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். வலி சாயங்காலம் வரை இருந்து, மெல்லத் தணிந்தது. சிரப் கேட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

பயந்து போன பயத்துக்குப் பதிலாக, பிறகு அதை வைத்து ஒரு சிரிப்பு. நெஞ்சைத் தடவினால் "சிலிண்டர் கசியுதா?" என்பார் கணவர். மகளுக்கு விவரம் தெரிந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். பள்ளியில் "என் அம்மா" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, என் அம்மா ஒரு கேஸ் சிலிண்டர் என்று ஆரம்பித்து ஆசிரியையிடம் கைதட்டல் வாங்கியவள் அவள். அக்காவே விருந்தாளிகளிடம் அந்தக் கதையை அபிநயம் பிடித்துச் சொல்லுவார், தரையில் சுருண்டது எப்படி, ஆட்டோக்காரர் முழித்தது எப்படி என்று. கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அந்த மத்தியானம் என்ன நடந்தது என்று இப்போது திரையில் தெரிந்தது. அத்தனை வருடம் வீடே கூடிச் சிரித்தது, இதயத்தின் ஒரு பக்கம் செத்துப்போனதைப் பார்த்து.

"அதுதானா?" என்று கேட்டார் அக்கா.

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்ற வலி, இந்தக் கிழிசல், இந்தத் தழும்போட வயசு, மூணும் ஒத்துப்போகுது."

கணவர் கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார். மகள் அறையில் இல்லை. எப்போது போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அக்கா கைப்பிடியைப் பிடித்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாலதானேம்மா?"

"என்னடி உன்னால?"

"நான் பொறந்ததுனாலதான் கிழிஞ்சுது. அதையும் நான் கட்டுரையா எழுதிச் சிரிச்சேன்."

அக்காவே இன்னும் அதிலிருந்து வெளியே வந்திருக்கவில்லை. "பொறக்கணும்னு நீ அப்ளிகேஷனா போட்ட?" என்றார் கடைசியில். "நாங்கதான் கூப்பிட்டோம். கூப்பிட்டவங்களைக் கேளு." மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் கையுறையைக் கழற்றி, வெறும் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். கணவர் வந்து இரண்டு படி கீழே நின்றார். மேலே ஏறி வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. கணவர் வேலைக்குப் போவார், வருவார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். ஒருநாள் கருவிப்பையோடு அந்தக் கிளினிக் இருந்த சந்துக்குப் போயிருக்கிறார். அங்கே இப்போது செல்போன் ரிப்பேர் கடை. டாக்டர் எங்கே என்று விசாரித்திருக்கிறார். காலமாகிப் பல வருடம் ஆயிற்று என்றார்களாம். கடைக்காரன், "உங்களுக்கு என்ன சார் ரிப்பேர்?" என்று கேட்க, பதில் சொல்லாமல் அங்கேயே நின்றிருக்கிறார். தெரிந்த ஒருவர் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"கண்டுபிடிச்சு என்ன பண்ணியிருப்பீங்க?" என்று அக்கா கேட்டார்.

"தெரியல. நான் கேக்காம வந்ததை இன்னொரு தடவை கேட்டிருப்பேன். நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்னு."

"நான்தானேங்க வலி போயிருச்சுன்னு சொன்னேன்."

"நீ சொன்ன. நான் சிரிச்சேன்."

அக்காவுக்கும் கோபம் இருந்தது. யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. செத்துப்போன டாக்டர் மேல் வைத்தால் நிற்கவில்லை, கணவர் மேல் வைத்தால் அவர் ஏற்கனவே பாதியாகியிருந்தார். கொஞ்ச நாள் அதைச் சாலையில் போகிறவர்கள் மேல் வைத்தார். "பார்த்துப் போங்க தம்பி" நின்றுபோனது. பழைய வசவுகள் எல்லாம் புத்தம்புதிதாகத் திரும்பின. நான் அந்தக் காலத்தில்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு விழுந்ததும் அதில் உண்டு.

இதற்கிடையில் ஆய்வுக்கூட டாக்டர் விடவில்லை. இப்படிக் கிழிகிற குழாய் உள்ளவர்களுக்கு உடம்பின் வேறு குழாய்களிலும் பலவீனம் இருக்கலாம், இதயம்தான் புதிது, மற்ற குழாய்கள் எல்லாம் பழையவைதானே என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். அக்கா எரிச்சலோடுதான் போனார். கழுத்தில் ஒன்றுமில்லை. சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் ஒன்று மணி கோத்தது போல, ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் பருத்து இருந்தது. அடங்கவே அடங்காத அவருடைய ரத்த அழுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். மாற்று இதயத்துக்குத் தின்னும் மருந்துகளின் பக்கவிளைவு என்று எல்லோரும் விட்டுவைத்திருந்த விஷயம். சின்ன பலூனை உள்ளே விட்டு விரித்துவிட்டார்கள். கூடையளவு மாத்திரையில் கொஞ்சம் குறைந்தது.

மகளையும் பரிசோதிக்கச் சொல்லி அக்கா பிடிவாதம் பிடித்தார். பெரும்பாலும் தேவைப்படாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. பார்த்தார்கள், அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் அக்கா எண்ணெய் காயவைத்துப் பொரித்தார். மூவரும் அடுப்படியில் நின்றபடியே, தட்டுக்குக்கூடக் காத்திராமல் தின்றார்கள்.

டாக்டர் மறுபடி கூப்பிட்டது ஒரு வேண்டுகோளோடு. பிரசவ வார்டு நர்சுகளுக்கான வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டலாமா? பெயரோ ஊரோ வெளியே வராது.

"காட்டுங்க" என்றார் அக்கா. "நானும் வரேன்."

வகுப்பில் முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அக்கா பின்வரிசையில் மகளோடு உட்கார்ந்தார். படம் ஓடியது. வெளிச்சம் சுவரைத் தாண்டி ஒளிர்ந்தபோது யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. இரண்டு வழி தெரிந்தது. டாக்டர், அந்தப் பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் வந்த வலியையும், அதற்குக் கொடுத்த சிரப்பையும் சொன்னார். தாடை வரை ஏறிய வலி, மரத்த கை, வியர்வை.

மூன்றாவது வரிசையில் ஒரு நர்சு எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தக்கூட இல்லை, வெளியே ஓடினாள்.

அக்காவும் பின்னாலேயே போனார். நர்சு தாழ்வாரத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கிறீச்சிட்டது. "நேத்து டிஸ்சார்ஜ் பண்ணோமே, அவங்கதான்... நெஞ்சு எரியுதுன்னாங்க... ஆமா, நான்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பினேன்... உடனே வரச்சொல்லுங்க. ஈ.சி.ஜி. எடுக்காம விடாதீங்க. ரத்தமும் எடுங்க." போனை வைத்ததும் அவள் முகம் வெளிறியிருந்தது. எதிரே நிற்பவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. "இருபத்திமூணு வயசுப் பொண்ணு மேடம்" என்றாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அக்கா போகவில்லை. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நமக்கென்னம்மா, வா போகலாம்" என்றாள் மகள். "தெரியாம நான் வரமாட்டேன்" என்றார். நெஞ்சு லேட்டாகத்தான் புறப்பட்டது. புறப்பட்ட பிறகு அடங்கவில்லை.

வெகுநேரம் கழித்து அந்த நர்சு திரும்பி வந்தாள். நடையிலேயே தெரிந்துவிட்டது. "எல்லா டெஸ்டும் நார்மல். வெறும் நெஞ்செரிச்சல்தான். பார்த்துட்டு அனுப்பிட்டாங்க." சொல்லிவிட்டு அழுதாள். "வீணா எல்லாரையும் பயமுறுத்திட்டேன். டாக்டர்கூடக் கேட்டார், எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்னு."

"வீணா?" என்றார் அக்கா. "வீணாப் போறதுக்கு என்ன இருக்கு அதுல? பார்த்தீங்க. பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. அந்தப் பொண்ணு இனி நிம்மதியாத் தூங்கும்." பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து, அவளை உட்கார வைத்தார். அப்போதுதான், திரையில் பார்த்தது யாருடையது என்று சொன்னார்.

நர்சு அவர் முகத்தைப் பார்த்தாள். மார்பைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். மகள் எழுந்து போய், இயந்திரத்திலிருந்து மூன்று காகிதக் குவளையில் டீ பிடித்து வந்து, முதல் குவளையை அவளிடம் நீட்டினாள்.